பழைய ஜீப்பும் பாடப்புத்தகமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

மலையடிவாரத்து ஊர்களில் ஜீப்பு என்பது ஆடம்பர ஊர்தி அன்று. பேருந்து நின்றுவிடும் இடத்தில்தான் அதன் வேலை தொடங்குகிறது. போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள எங்கள் பகுதியில் ஏலக்காய், காப்பி, மிளகு விளையும் மலைச்சரிவுகளுக்கு உரமூட்டைகளை ஏற்றிச் செல்வதும், விளைச்சலை இறக்கி வருவதும், நோயுற்றவரை ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் பெரும்பாலும் பழைய ஜீப்புகளே. புதிய வண்டி வாங்கும் வசதி எல்லார்க்கும் இல்லை. ஆகவே பழைய வண்டியை வீட்டு முற்றத்திலேயே பழுது பார்ப்பதும், தத்தம் தேவைக்கேற்ப அதில் சில மாறுதல்களைச் செய்துகொள்வதும் இவ்வூர்களில் வழக்கமாகிவிட்டன.

என் தாய்மாமன் அத்தகைய வண்டி ஒன்று வைத்திருக்கிறார். விடுமுறை நாட்களில் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் உதவியாளன் நான். அவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் எஞ்சின் ஓடும் ஓசையைக் கேட்டே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அவர் கையால் அறிந்ததை நான் வகுப்பில் சூத்திரமாகப் படிக்கிறேன். இவ்விரண்டும் ஒன்றே என்பதும், சூத்திரத்தை அறிந்தால் சில ஆபத்துகளை முன்கூட்டியே தவிர்க்கலாம் என்பதும் எனக்குத் தெளிவாகச் சிறிது காலம் ஆயிற்று. பழைய ஜீப்பை வீட்டில் பராமரிக்கும் முறைகளையும், எந்த மாறுதலைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதையும், அவற்றிற்கான இயற்பியல் காரணங்களோடு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜீப்பின் வரலாறு

1940-ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லக்கூடிய இலேசான வண்டி ஒன்றைச் செய்து தருமாறு உற்பத்தியாளர்களை அழைத்தது. பேண்டம் என்னும் சிறிய நிறுவனம் அதே ஆண்டில் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. 1941 முதல் வில்லிஸ்-ஓவர்லேண்டு, ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் அதனைப் பெருமளவில் உற்பத்தி செய்தன. போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன.

போர் முடிந்த 1945-ஆம் ஆண்டிலேயே பொதுமக்களுக்கான ஜீப்பு விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 1947 முதல் மகிந்திரா நிறுவனம் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. 1953-இல் வில்லிஸ் வெளியிட்ட சி.ஜே.-3பி என்னும் மாதிரியே நம் ஊர்களில் பலருக்கும் பழக்கமான ஜீப்பு. அதன் முன்மூடி உயர்ந்து நிற்பதற்குக் காரணம் அழகன்று. முந்தைய எஞ்சினில் பக்கவாட்டில் இருந்த உட்கொள் வால்வைப் புதிய எஞ்சினில் தலைப்பகுதிக்கு மாற்றியதால் எஞ்சின் உயரமாகிவிட்டது. அதற்கு இடம் கொடுக்கவே மூடியும் உயர்ந்தது. அமெரிக்காவில் 1968-இல் இம்மாதிரி நின்றுபோன பின்பும் அதன் வழிவந்த வண்டிகள் இந்தியாவில் பல்லாண்டுகள் உற்பத்தியாயின. பின்னர் வந்த எம்.எம்.540 வண்டியில் பிரெஞ்சு நாட்டுப் பெஜோ நிறுவனத்தின் எக்ஸ்.டி.பி. 4.90 என்னும் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. இப்பெயரில் உள்ள 4 என்பது சிலிண்டர்களின் எண்ணிக்கை; 90 என்பது சிலிண்டரின் விட்டம், மில்லிமீட்டரில். பிஸ்டன் நகரும் தூரம் 83 மில்லிமீட்டர். உருளையின் கன அளவுக்கான பள்ளிக்கூடச் சூத்திரத்தில் இவற்றைப் பெய்தால் எஞ்சினின் கொள்ளளவான 2,112 கன சென்டிமீட்டர் அப்படியே கிடைப்பதைக் காணலாம்.

இவ்வண்டிகளை வீட்டிலேயே பராமரிக்க முடிவதற்குக் காரணம் அவற்றின் எளிய அமைப்பு. ஏணி போன்ற இரும்புச் சட்டம், அதன்மேல் போல்ட்டால் முடுக்கிய பாடி, கீழே பட்டை ஸ்பிரிங்குகள், முன்னும் பின்னும் கெட்டியான அச்சுகள். கணிப்பொறி எதுவும் இல்லை. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, காதால் கேட்டு அறியக்கூடிய இயந்திரம் இது.

பற்சக்கரங்களின் பெருக்கல்

சி.ஜே.-3பி வண்டியின் பெட்ரோல் எஞ்சின் தரும் மிகையான திருப்புவிசை சுமார் 155 நியூட்டன்-மீட்டர். இன்றைய சிறிய கார்கள் சிலவும் இவ்வளவு தருகின்றன. ஆயினும் அவை ஏறாத இடத்தில் ஜீப்பு ஏறுவது எப்படி?

விடை பற்சக்கரங்களில் உள்ளது. முதல் கியரின் விகிதம் 2.80. அதற்குப் பின்னால் உள்ள போர் வீல் பெட்டியில் தாழ்நிலையின் விகிதம் 2.46. அச்சில் உள்ள கிரவுன்-பினியனின் விகிதம் 5.38. இம்மூன்றையும் பெருக்கினால் சுமார் 37 வருகிறது. அஃதாவது எஞ்சின் 37 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். திருப்புவிசையோ, உராய்வு இழப்பு நீங்கலாக, 37 மடங்காகும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். எஞ்சின் நிமிடத்திற்கு 1,000 சுற்றுச் சுற்றும்போது வண்டி மணிக்கு மூன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில், நாம் நடப்பதைவிட மெதுவாக ஊர்ந்து செல்லும். ஆற்றல் பெருகவில்லை, வேகத்தைக் கொடுத்து விசையை வாங்கிக்கொள்கிறோம்.

விசை மட்டும் போதாது. தரையில் பிடிமானமும் வேண்டும். ஆட்களோடு 1,500 கிலோகிராம் எடையுள்ள ஜீப்பு, ஈரமண் பாதையில், ஐந்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் நிற்பதாகக் கொள்வோம். அதை மேலே தள்ளச் சுமார் 300 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை தேவை. உராய்வுக் குணகத்தை 0.3 என வைத்துக்கொண்டால், பாதி எடையைத் தாங்கும் பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும்போது தரை தரக்கூடிய பிடிமானம் 750-இல் 0.3 மடங்கு, அதாவது 225 கிலோகிராம் எடைதான். வண்டி ஏறாது; சக்கரம் சுழன்று குழி பறிக்கும். முன்சக்கரங்களையும் இணைத்தால் பிடிமானம் 450 ஆகிறது, வண்டி ஏறிவிடும். எஞ்சின் அதேதான், ஓட்டுநரும் அவரேதான். வேறுபாடு முழுவதும் உராய்வில் இருக்கிறது.

இதே காரணத்தால் காய்ந்த தார்ச்சாலையில் போர் வீல் போட்டு ஓட்டலாகாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட தூரம் செல்கின்றன. இவ்வண்டியில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையில் அவ்வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளும் அமைப்பு இல்லை. சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க முடியாது; எனவே முறுக்கம் முழுவதும் தண்டுகளிலும் பற்சக்கரங்களிலும் ஏறுகிறது. போர் வீல் கியர் விடுபடாமல் இறுகிக்கொள்வது இதனால்தான். நான்கு டயர்களும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே. முன்டயர் புதிதாகவும் பின்டயர் தேய்ந்தும் இருந்து, சுற்றளவில் நூற்றுக்கு இரண்டு பங்கு வேறுபாடு இருந்தால், போர் வீலில் ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் ஏறத்தாழ ஒன்பது சுற்று அளவுக்குச் சக்கரம் தேய்ந்து வழுக்கியாக வேண்டும்.

கிராஸும் அதன் குறியும்

கியர் பெட்டியிலிருந்து அச்சுக்குச் செல்லும் தண்டின் இரு முனைகளிலும் கிராஸ் எனப்படும் மூட்டுகள் உள்ளன. கிரீஸ் இன்மையால் வரும் தேய்மானமே இவற்றின் முதற்பகை. மாதம் ஒருமுறையும், ஓடையில் இறங்கி ஏறிய பின்பும் கிரீஸ் அடிக்க வேண்டும். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடித்தால்தான் உள்ளே சென்ற நீரும் மண்ணும் வெளியேறும்.

தண்டைக் கழற்றுமுன் இரு துண்டுகளும் சேரும் இடத்தில் சாயத்தால் ஒரு கோடு இடுவது என் மாமாவின் வழக்கம். காரணம் கேட்டால், "மாத்திப் பூட்டுனா வண்டி ஒதறும் மாப்ள" என்பார். இதன் விளக்கம் வருமாறு: சாய்வாக இயங்கும் ஒற்றை மூட்டு, ஒரு சுற்றுக்குள்ளேயே இருமுறை வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் அனுப்புகிறது. மறுமுனையில் உள்ள இரண்டாவது மூட்டு அவ்வேறுபாட்டை ஈடுசெய்துவிடும். ஆனால் தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருந்தால்தான் இது நடக்கும். தவறிப் பூட்டினால் வேறுபாடு நீங்குவதற்கு மாறாகப் பெருகும். அதுவே மாமா கூறும் உதறல்.

பட்டையும் யங் குணகமும்

சென்ற ஆண்டு ஆய்வுக்கூடத்தில், இரு கத்திமுனைகளின்மேல் அளவுகோலை வைத்து, நடுவில் எடையைத் தொங்கவிட்டு, அதன் தாழ்வை நுண்ணோக்கியால் அளந்து யங் குணகம் கண்டோம். அச்சோதனையின் சூத்திரத்தில் தாழ்வு, சட்டத்தின் தடிப்பின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் உள்ளது. தேர்வுக்காக இதை நாம் மனப்பாடம் செய்தோம். ஜீப்பின் பட்டை ஸ்பிரிங்கு இச்சூத்திரத்தின்மேல்தான் நிற்கிறது.

ஒருநாள் மாமா, "பக்கத்துத் தோட்டத்து வண்டிக்கு ரெண்டு நூலை எடுத்துட்டு ரெண்டரை நூல் பட்டை போட்டிருக்காங்க மாப்ள. நல்ல ஒசரமா நிக்குது. நம்மளும் போட்டுருவமா?" என்று கேட்டார். எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது பட்டறைக் கணக்கு. இரண்டு நூலுக்கும் இரண்டரை நூலுக்கும் உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதான். கண்ணுக்கு அது அற்பமாகத் தோன்றும். ஆனால் தடிப்பு 1.25 மடங்கானால் விறைப்பு அதன் முப்படி, அதாவது 1.95 மடங்காகும். எல்லாப் பட்டைகளையும் அவ்வாறு மாற்றினால் ஸ்பிரிங்கு ஏறத்தாழ இருமடங்கு விறைத்துவிடும். குழியில் விழும் அடி பட்டையில் அடங்காமல் சட்டத்திற்கும், உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்புக்கும் செல்லும். மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் காற்றில் தொங்கும். தரையைத் தொடாத சக்கரத்திற்குப் பிடிமானம் ஏது?

ஒரே ஒரு பட்டையை மட்டும் தடிப்பாகப் போடுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஒன்றாகக் கட்டப்பட்ட பட்டைகள் ஒரே அளவில் வளைகின்றன. ஒரே வளைவில், தடித்த பட்டையின் மேற்பரப்பில் ஏற்படும் தகைவு தடிப்புக்கு நேர்விகிதத்தில் அதிகம். ஆகவே கூட்டத்தில் தடித்த பட்டையே முதலில் ஒடியக்கூடியது. இதை ஒரு தாளில் வரைந்து காட்டியபோது மாமா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கெட்டியா இருந்தா ஒடியாதுன்னுல்ல இத்தன நாளா நெனச்சிருந்தோம்" என்றார்.

நாங்கள் அப்போது செய்தது எளிய வேலை. பட்டைக் கட்டை இறக்கிப் பிரித்தோம். ஒவ்வொரு பட்டையையும் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் மாமா தட்டினார். நல்ல பட்டை மணிபோல் ஒலித்தது. விரிசல் கண்ட பட்டை மொத்தென்று ஒலித்தது. அந்த ஒன்றுக்கு மட்டும் பழைய தடிப்பிலேயே புதியது வாங்கினோம். துருவைத் தேய்த்து நீக்கி, கிராஃபைட் கலந்த கிரீஸ் பூசி, நடுப்போல்ட்டை மாற்றி, புதிய புஷ்களோடு பூட்டினோம். யூ போல்ட்டுகளை வண்டி தரையில் நின்ற பிறகு ஒருமுறையும், சில நாள் ஓடிய பிறகு மறுமுறையும் முடுக்க வேண்டும். அவை தளர்ந்தால் அச்சு நகரும், நடுப்போல்ட்டு வெட்டுப்படும்.

உயரமும் கவிழ்தலும்

பெரிய டயரும் உயர்ந்த பட்டையும் போட்டால் வண்டி கம்பீரமாகத் தோன்றுவது உண்மையே. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை என்ன என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

சி.ஜே.-3பி வண்டியில் இடவலச் சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் 48.25 அங்குலம், அதில் பாதி சுமார் 61 சென்டிமீட்டர். வெறும் வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், பக்கவாட்டில் 43 பாகை சாயும்வரை வண்டி கவிழாது. ஆட்களும் மூட்டைகளும் ஏறி ஈர்ப்பு மையம் 85 சென்டிமீட்டருக்கு உயர்ந்தால் அது 36 பாகையாகக் குறைகிறது. இதற்குமேல் டயராலும் பட்டையாலும் 10 சென்டிமீட்டர் உயர்த்தினால் 33 பாகை ஆகிறது. பத்து மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் இம்மூன்று நிலைகளிலும் கவிழ்வதற்கான வேகம் முறையே மணிக்கு 35, 30, 29 கிலோமீட்டர். இவை வண்டியைக் கட்டைபோல விறைப்பானது என்று கொண்டு வந்த எண்கள். உண்மையில் ஸ்பிரிங்கும் டயரும் அமுங்குவதால் இவற்றிலும் குறைந்த வேகத்திலேயே ஆபத்து வந்துவிடும்.

இக்கணக்கில் மற்றொன்றும் தெரிகிறது. உயரத்தைக் கூட்டியதால் வந்த இழப்பைவிட, அளவுக்குமீறி ஆட்களை ஏற்றுவதால் வந்த இழப்பே பெரிது. பதிவுச் சான்றிதழில் உள்ள இருக்கைகளின் எண்ணிக்கை காவலருக்காக எழுதப்பட்டதன்று. ஈர்ப்பு மையத்திற்காக எழுதப்பட்டது. ஏலக்காய் எடுக்க மலைக்குச் செல்லும் பெண்களுள் என் தாயாரும் ஒருவர். ஆகவே இந்தக் கணக்கை நான் வேறொருவரின் கணக்காகப் போடவில்லை.

டயரின் ஆரம் 35 சென்டிமீட்டரிலிருந்து 40 ஆனால் வேறு விளைவுகளும் உண்டு. தரையில் கிடைக்கும் இழுவிசை எட்டில் ஒரு பங்கு குறையும். பிரேக் பிடிக்கும் விசையும் அதே அளவு குறையும். வேகமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். தொழிற்சாலை குறிப்பிட்ட அளவில், நல்ல பூக்கள் உள்ள டயரைப் போடுவதே மலைப்பாதைக்குப் போதுமானது.

ஸ்டியரிங்கு நடுக்கம்

குறிப்பிட்ட ஒரு வேகத்தை எட்டியவுடன் முன்சக்கரங்கள் இரண்டும் பித்துப்பிடித்தவைபோல் இடவலமாக ஆடுவது பழைய ஜீப்புகளில் காணும் நோய். இது ஒத்ததிர்வு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்குச் சுமார் ஆறு சுற்றுச் சுற்றுகிறது. டயரின் எடை ஒருபுறம் கூடியிருந்தால் விநாடிக்கு ஆறு தடவை அது ஸ்டியரிங்கை உதைக்கிறது. தளர்ந்த மூட்டுகளின் இயல்பான அதிர்வெண்ணும் அதுவானால் ஆட்டம் பெருகிவிடும்.

சந்தையில் இதற்கென அதிர்வு அடக்கி விற்கிறார்கள். அது நோயை மறைக்கும், தீர்க்காது. முதலில் டைராடு முனைகளைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். அடுத்துக் கிங்பின் பேரிங்கு. இதன் மூடிக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருக்கும். தேய்மானம் கண்டால் தகடுகளைக் குறைத்து இறுக்கலாம். எவ்வளவு இறுக்குவது என்பதற்கு, டைராடையும் எண்ணெய்ச் சீலையும் கழற்றிவிட்டு, கைப்பிடி முனையில் வில்தராசை மாட்டி இழுத்து, திரும்பத் தொடங்கும் விசையைக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். எங்கள் துறை விரிவுரையாளர் ஒருவர் வில்தராசு கொடுத்து உதவினார். இருபுறமும் ஒரே அளவு வந்த பிறகு நடுக்கம் நின்றது.

இறக்கத்தில் எங்கே போகிறது ஆற்றல்?

ஏறும்போது எஞ்சினுக்குச் சோதனை. இறங்கும்போது பிரேக்குக்குச் சோதனை. 1,500 கிலோகிராம் வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் 147 இலட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது விட்டாக வேண்டும். இது 50 லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். முழுவதையும் பிரேக் டிரம்களே ஏற்குமானால் அவை பழுக்கக் காய்ந்துவிடும். ஆகவேதான் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மூத்த ஓட்டுநர்கள் கூறுகிறார்கள். அப்போது எஞ்சின் தன் உராய்வாலும் காற்றை இழுத்துத் தள்ளும் வேலையாலும் அவ்வாற்றலின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கி எரிபொருள் சேமிப்பது, உயிரை அடகு வைத்துச் சில்லறை சேர்ப்பதாகும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசு வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடும். சூடேறிய சக்கரத்தில் எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகிறது. பாஸ்கல் விதி அமுக்க இயலாத திரவத்தால்தான் பயன்படும், ஆவியோ அமுங்கும். மிதிப்பது தரையைத் தொடும்; பிரேக் பிடிக்காது. பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்த் தொடர் என்பதால் ஓரிடத்தில் ஒழுகினாலும் எல்லாம் போயிற்று. ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணெயை முழுவதும் மாற்றுவதும், வீல் சிலிண்டரின் ரப்பர் வாஷர்களை ஒழுகுமுன் மாற்றுவதும் தவிர்க்கக் கூடாத செலவுகள். எஞ்சின் எண்ணெயை அவசரத்திற்குக்கூட இதில் ஊற்றலாகாது, ரப்பர் ஊதிப்போகும்.

நீரும் காற்றும்

ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு. ஏழு இராத்தல் மூடி சரியாக இருந்தால் தண்ணீர் சுமார் 111 பாகையில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் கெட்டுவிட்டால் அந்த வசதி போய்விடுகிறது. மேலும் 300 மீட்டர் உயரத்திற்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை குறைவதால் மலையில் இன்னும் முன்னதாகவே கொதிக்கும். வண்டி கொதித்தால் சிலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அதனால் எஞ்சின் தன் வேலைச் சூட்டை அடையாமல், எரியாத எரிபொருள் எண்ணெயில் கலந்து, சிலிண்டர் விரைவில் தேயும். முதலில் பார்க்க வேண்டியவை மூடி, பெல்ட்டு, ரேடியேட்டரின் தகடுகளில் அடைந்த மண் ஆகியவை.

டீசல் வண்டியானால், குழாயில் காற்றுப் புகுந்து எஞ்சின் நின்றுபோவது வழக்கமான தொல்லை. டீசல் பம்பும் பாஸ்கல் விதியை நம்பியே வேலை செய்வதால், காற்றுக் குமிழி அங்கும் எதிரியே. வடிகட்டியின் மேல் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும்.

வீட்டில் வேலை செய்வோர் கவனத்திற்கு

வண்டிக்கு அடியில் படுப்பவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சி.ஜே.-3பி போன்ற பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. போர் வீல் பெட்டிக்குப் பின்னால் பின்தண்டின்மேல் உள்ளது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கினால், கைப்பிரேக் இழுத்திருந்தாலும், தண்டு நிற்க, தூக்கிய சக்கரம் ஒருபுறமும் தரையிலுள்ள சக்கரம் மறுபுறமும் சுழலலாம். அச்சினுள் உள்ள வேற்றுமைப் பற்சக்கரங்கள் அதற்கு இடம் கொடுக்கும். வண்டி உருண்டு ஜாக்கியிலிருந்து விழுந்துவிடும். கியரில் நிறுத்தியிருப்பதும் இதே காரணத்தால் காப்பாற்றாது. எனவே தரையிலுள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல் ஜாக்கியைத் தொடக்கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு இரும்பு முக்காலி வேண்டும். செங்கல் திடீரென நொறுங்கும் இயல்புடையது. அதை நம்பி உள்ளே படுக்கலாகாது.

பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். அத்தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கழிவு எண்ணெயை ஓடையிலோ தோட்டத்திலோ ஊற்றாமல் தகரத்தில் சேர்த்து, அதனை முறையாக வாங்குவோரிடம் கொடுக்க வேண்டும்.

சட்டம் கூறுவது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்றும் வேறுபடுமாறு வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் இதனை உறுதிப்படுத்தியது. எஞ்சினை மாற்ற நேர்ந்தால் பதிவு அலுவலகத்தின் அனுமதி பெற்றுச் சான்றிதழில் பதிய வேண்டும். சொந்த வண்டிக்கு முதற்பதிவு 15 ஆண்டுகள். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். முன்புறம் பொருத்தும் இரும்புக் காப்புக்குழாய்க்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியதற்கும் இயற்பியல் காரணம் உண்டு. நசுங்கி ஆற்றலை ஏற்க வேண்டிய தகட்டுக்கு முன்னால் நசுங்காத குழாயை வைத்தால், அவ்வடி முழுவதும் எதிரில் வரும் மனிதர்மேல் இறங்கும்.

முடிவுரை

மாறுதல் என்பதை நான் முற்றிலும் வேண்டாம் எனக் கூறவில்லை. தேய்ந்த மின்கம்பிகளை நீக்கித் தகுந்த தடிப்பில் புதியவை போடலாம். எஞ்சினுக்கும் சட்டத்திற்கும் இடையே கெட்டியான எர்த் பட்டை பூட்டலாம். துருப்பிடித்த தரைத்தகட்டை வெட்டிப் புதிது வைக்கலாம். எல்லா இருக்கைகளுக்கும் உறுதியான பிடிகள் அமைக்கலாம். இவை வண்டியை முன்னிருந்ததைவிட நல்லதாக்குகின்றன; உள்ளே இருப்பவர் எவரையும் ஆபத்துக்கு உள்ளாக்குவதில்லை. இதையே ஒவ்வொரு மாறுதலுக்கும் உரைகல்லாகக் கொள்ளலாம்.

மாமாவின் வண்டிக்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். எந்த நாளில் எந்த வேலை செய்தோம், எந்தப் பாகத்தை மாற்றினோம் என்று எழுதுகிறோம். நாள் கணக்கு அவர் சொல்ல நான் எழுதுவது. அளவுக் கணக்கு நான் போட அவர் சரிபார்ப்பது. அவருடைய காது கேட்டுச் சொன்ன பட்டையின் விரிசலை எந்தச் சூத்திரத்தாலும் நான் கண்டிருக்க முடியாது. என் சூத்திரம் சொன்ன தடிப்பின் தீங்கை அவருடைய காதும் கேட்டிருக்க முடியாது. நம் கல்லூரியில் பயிலும் பலருடைய வீடுகளிலும் இத்தகைய மாமாக்களும், மோட்டாரோ தறியோ நெல் அரைக்கும் இயந்திரமோ இருக்கக்கூடும். மாணவத் தோழர்கள் அவற்றின் அருகே ஒருநாள் தம் பாடக்குறிப்பேட்டோடு சென்று அமர்வார்களானால், படித்தது புரியும், பார்த்ததும் புரியும். கற்ற கல்வி நம்மை வளர்த்தவர்களுக்குக் காவலாகவும் அமையும்.